இப்னு ஜுபைர் கண்ட இரு ஆயத்துறைகள்

உலகம் சுற்றிய முஸ்லிம் யாத்ரிகர் யார் என்று கேட்டால் நம்மவர் வாயில் உடனே வரும் பெயர் இப்னு பதூதா என்பதுதான். அன்னாருக்கு ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன்னரே ஸ்பெயின் தேசத்திலிருந்து புறப்பட்டு, ஹஜ்ஜை நிறைவேற்றி, கண்டதையெல்லாம் நாள்வாரியாக எழுதி வைத்த பெரியார் ஒருவர் இருந்தார். அவர்தாம் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள். இப்னு பதூதாவின் சரித்திரத்தை எழுதிக் கொடுத்தவர், மக்கா, மதீனா, திமிஷ்கு முதலிய ஊர்களின் வர்ணனையில் இப்னு ஜுபைரின் நூலிலிருந்து தாராளமாக எடுத்துக் கொண்டார் என்பது கற்றோர் ஒப்புக்கொண்ட விஷயம்.

ஆலிம்கள் அந்நூலில் ஹரம் ஷரீபின் வர்ணனையைப் படித்து மகிழ்வார்கள். நாமோ கடை வைத்துப் பிழைப்பவர்கள். சரக்கு இறங்கும் துறையும், அதைத் திறந்து பார்க்கும் அதிகாரியும், அது தங்கும் கிட்டங்கியும் நம் கண்ணில் முதலில் படுவதில் ஆச்சரியம் இல்லை. ஆகவே அப்பெரியாரின் வாழ்க்கையைச் சொல்லும்போது, அவர் கடந்து வந்த ஆயத்துறைகளில் சற்று அதிக நேரம் நின்று பார்க்க எண்ணுகிறோம்.

அவர்கள் ஹிஜ்ரி 540ல், அதாவது கி.பி. 1145ல், ஸ்பெயின் நாட்டு வலன்ஸியா நகரில் பிறந்தார்கள். தகப்பனார் அரசாங்க உத்தியோகஸ்தர். மகனும் மார்க்கக் கல்வியையும் இலக்கியத்தையும் கற்றுத் தேர்ந்து, கிரனாடா நகரின் கவர்னருக்குக் காரியதரிசியாக அமர்ந்தார். அக்கவர்னர் முவஹ்ஹிதீன் அரச வம்சத்து இளவரசர். ஒரு நாள் அவர் தம் காரியதரிசியை மது அருந்தும்படி வற்புறுத்தினார் என்றும், மறுக்க முடியாமல் ஏழு கிண்ணம் அருந்த நேர்ந்தது என்றும், பிறகு இளவரசர் மனம் வருந்தி அதே கிண்ணத்தில் ஏழு முறை பொற்காசுகளை நிரப்பிக் கொடுத்தார் என்றும் பிற்கால நூல்கள் கூறுகின்றன. அந்தப் பணத்தைக் கொண்டே ஹஜ்ஜுக்குப் போய்ப் பாவத்துக்குப் பரிகாரம் தேடுவது என்று இப்னு ஜுபைர் தீர்மானித்தாராம். இந்தக் கதை அவருடைய சொந்த நூலில் இல்லை. எனினும் அவர் ஹிஜ்ரி 578 ஷவ்வால் மாதம், கி.பி. 1183 பெப்ரவரியில், வைத்தியரான ஒரு நண்பரைத் துணை சேர்த்துக்கொண்டு புறப்பட்டது உண்மை.

ஸப்தா துறையில் ஜெனோவா நகரத்துக் கிறிஸ்தவர்களின் கப்பல் ஒன்று கிடைத்தது. சிலுவை யுத்தம் நடந்த காலம் அது. ஆனாலும் முஸ்லிம் ஹாஜிகள் கிறிஸ்தவக் கப்பலில் கேவு கொடுத்து ஏறினார்கள். கப்பல்காரரும் ஏற்றிக் கொண்டார்கள். வியாபாரம் அப்படிப்பட்டது. முப்பது நாள் கடலில் தத்தளித்து மார்ச் மாதக் கடைசியில் இஸ்கந்தரிய்யா துறைமுகம் சேர்ந்தார்கள்.

எகிப்தை அப்போது ஆண்டவர் ஸுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி அவர்கள். இப்னு ஜுபைருக்கு அந்த ஸுல்தான் மீது அளவற்ற மதிப்பு. வெளியூரிலிருந்து வரும் ஏழை மாணவர்களுக்குத் தங்கும் இடமும், ஆசிரியரும், குளியலறையும், நோயுற்றால் வைத்தியசாலையும் அங்கே ஏற்படுத்தியிருந்ததையும், மேற்கு நாட்டு வழிப்போக்கர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் இரண்டு ரொட்டி வழங்கப்பட்டதையும் அவர் வாயார வாழ்த்துகிறார். அப்படிப்பட்ட ஸுல்தானின் துறைமுகத்தில் இறங்கிய முதல் நாளே நடந்தது வேறு.

கப்பல் நங்கூரம் போட்டதும் அதிகாரிகள் ஏறி வந்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமின் பெயர், அங்க அடையாளம், சொந்த ஊர் ஆகியவற்றை எழுதினார்கள். கையில் என்ன சரக்கு, எவ்வளவு ரொக்கம் என்று கேட்டு, அதற்கு ஸகாத் வசூலித்தார்கள். அந்தப் பொருள் உடையவனிடம் ஓராண்டு இருந்ததா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள். வழிச்செலவுக்கு மேல் கையில் ஒன்றும் இல்லாதவர்கள். அவர்களையும் விடவில்லை.

பிறகு மூட்டை முடிச்சுகளையெல்லாம் இறக்கிக் கரையிலுள்ள திவானுக்குக் கொண்டு போகும்படி உத்தரவாயிற்று. ஒவ்வொருவராக அழைத்துச் சோதனை போட்டார்கள். திவான் மூச்சு முட்டும் கூட்டம். பெரியது சிறியது என்றில்லாமல் எல்லாம் கொட்டிக் கலக்கப்பட்டன. இடுப்பு வாரில் கைவிட்டுத் தேடினார்கள். அதன் பின்னும் வேறு ஏதாவது மறைத்திருக்கிறாயா என்று ஸத்தியம் செய்யச் சொன்னார்கள். இந்தக் களேபரத்தில் பலருடைய பொருட்கள் கைமாறிக் காணாமற் போயின. மானக்கேட்டோடு வெளியே வந்தோம் என்று அவர் எழுதுகிறார். சரக்குப் பெட்டியைப் பிறர் பிரித்துப் பரப்பும்போது பக்கத்தில் கைகட்டி நின்ற அனுபவமுள்ள நம் வியாபாரிகளுக்கு அந்த எழுத்தின் சூடு நன்றாகவே விளங்கும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஸகாத்தின் பெயர் அங்கே எப்படிப் பயன்பட்டது என்பது. வியாபாரப் பொருளுக்கு ஸகாத் கடமையாக வேண்டுமானால் அது நிஸாப் அளவை அடைந்திருக்க வேண்டும். ஓராண்டு பூர்த்தியாகியிருக்க வேண்டும். துறையில் வரி வாங்கும் வழக்கமும் இஸ்லாத்தில் புதிதல்ல. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கிலாபத்தில் அதற்கென ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள். வெளிநாட்டு வியாபாரியிடம் பத்தில் ஒன்று, பாதுகாப்பில் வாழும் முஸ்லிமல்லாத குடியிடம் இருபதில் ஒன்று, முஸ்லிமிடம் நாற்பதில் ஒன்று, இருநூறு திர்ஹத்துக்குக் குறைந்த சரக்குக்கு ஒன்றுமில்லை, ஒருமுறை வாங்கினால் அந்த ஆண்டில் மறுமுறை வாங்கக்கூடாது என்ற ஒழுங்கை இமாம் அபூ யூஸுப் (ரஹ்) அவர்கள் கலீபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபில் காணலாம். இஸ்கந்தரிய்யாவில் அந்த ஒழுங்கின் பெயர் இருந்தது, ஒழுங்கு இல்லை.

இப்னு ஜுபைர் இதை மூடி மறைக்கவில்லை. அதே சமயம் ஸுல்தானைக் குறை கூறவுமில்லை. இந்த அநியாயம் ஸுல்தானின் காதுக்கு எட்டியிருக்காது, எட்டினால் நிறுத்திவிடுவார் என்றே எழுதினார். இந்த விஷயத்தை முறையிட்டு அவர் ஸுல்தானுக்குக் கவிதை ஒன்று அனுப்பியதாகவும் பின்வந்தோர் குறிப்பிடுகிறார்கள். ஸுல்தான் அப்படிச் செய்யக்கூடியவர் என்று நம்புவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய ஆட்சியில் ஹாஜிகளிடம் தலைக்கு ஏழரை தீனார் வரி வாங்கப்பட்டு வந்தது. கொடுக்க முடியாதவர்களைச் செங்கடல் துறையான ஐதாபில் எழுதக் கூசும் விதமாகச் சித்திரவதை செய்தார்கள். அந்த வரியை ஸலாஹுத்தீன் அவர்கள் ஒரேயடியாக நீக்கி, அதனால் வருமானம் இழந்த மக்கா அமீருக்குத் தம் கஜானாவிலிருந்து பணமும் கோதுமையும் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள்.

நைல் நதி வழியாக மேலே போகும்போதும் தொல்லை தீரவில்லை. கரையோர ஊர்களில் ஸகாத் சிப்பந்திகள் படகில் ஏறி, பிடிவைத்த நீண்ட ஊசிகளால் மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். நம் ஊர் அரிசி மண்டியில் சாக்கைக் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசி நினைவுக்கு வருகிறது. மண்டியில் குத்துவது அரிசியின் தரம் பார்க்க. அங்கே குத்தியது ஹாஜியின் கட்டுச்சோற்று மூட்டையை.

கூஸ் நகரத்திலிருந்து ஐதாப் வரை பாலைவனப் பாதை. அதைப் பற்றி அவர் எழுதுவது நம்மவர்க்கு இனிக்கும். இந்தியச் சரக்குகள் யமன் வந்து, அங்கிருந்து ஐதாபில் இறங்கி, ஒட்டகங்களில் எதிரே வந்துகொண்டிருந்தன. அவற்றில் மிளகுப் பொதிகள் எத்தனை என்று எண்ண முயன்று கைவிட்டார். மண்ணைப்போல மிளகு மலிந்து கிடந்தது என்று நினைக்கும் அளவுக்கு அது இருந்தது. ஒட்டகம் களைத்து விழுந்தால் மிளகு, கருவாப்பட்டைப் பொதிகளை வழியோரத்திலேயே போட்டுவிட்டுப் போவார்கள். காவலும் இல்லை, பூட்டும் இல்லை. உடையவன் திரும்பி வந்து எடுக்கும் வரை அவை அப்படியே கிடக்கும். திவானின் நாலு சுவருக்குள் காணாமற்போன பொருள், திறந்த பாலைவனத்தில் பத்திரமாக இருந்தது! ஐதாபின் படகுகள் ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை என்பதையும், அதற்கு மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தது என்பதையும் எழுதியிருக்கிறார். அதில் ஹாஜிகளைக் கூண்டில் கோழி அடைப்பதுபோல் அடைத்தார்களாம்.

ஜித்தாவில் இன்னொரு தடை. ஸுல்தான் அனுப்ப வேண்டிய பணம் அந்த ஆண்டு தாமதமாகிவிட்டது. பணம் வராவிட்டால் ஹாஜிகளே கொடுப்பதாக ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றால்தான் மேலே விடுவேன் என்றார் மக்கா அமீர். அப்படியே ஜாமீன் எழுதிக் கொடுத்து, 1183 ஆகஸ்டில் மக்கா முகர்ரமா அடைந்தார்கள். எட்டு மாதத்துக்கு மேல் தங்கி, ஹஜ்ஜை நிறைவேற்றி, மதீனா முனவ்வராவில் ஜியாரத் செய்து, கூபா, பக்தாத், மோசுல், ஹலப் வழியாகத் திமிஷ்கு வந்தார்கள். ஊர் திரும்பக் கப்பல் வேண்டுமே! அதற்குச் சிலுவைக்காரர் கையிலிருந்த அக்கா துறைமுகத்துக்குப் போக வேண்டியிருந்தது. நம் காதுக்கு வேறு பொருள் தரும் பெயர்தான். ஆங்கிலேயர் அவ்வூரை ஏக்கர் என்பார்கள்.

1184 செப்டம்பரில் வியாபாரிகளின் காபிலா ஒன்றுடன் புறப்பட்டார். அதே நாட்களில் ஸலாஹுத்தீன் அவர்கள் கரக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் போர். மறுபக்கம் முஸ்லிம் வியாபாரிகள் கிறிஸ்தவ நாட்டுக்கும், கிறிஸ்தவர் முஸ்லிம் நாட்டுக்கும் தடையின்றிப் போய்வந்தார்கள். எல்லையிலுள்ள திப்னீன் கோட்டையில் முதல் சாவடி. அங்கே சரக்குக்கு வரியில்லை. அது அரசனின் துறையில்தான் வாங்கப்படும். ஒரு தீனார் மதிப்புக்கு ஒரு கீராத், அதாவது 24ல் ஒரு பங்கு. ஆனால் மேற்கு நாட்டவராகிய மக்ரிபிகளிடம் மட்டும் தலைக்கு ஒரு தீனாரும் ஒரு கீராத்தும் வாங்கினார்கள். முன்பு நூருத்தீன் அவர்களின் படையில் மக்ரிபிகள் சிலர் சேர்ந்து ஒரு கோட்டையைப் பிடித்ததற்காக விதிக்கப்பட்ட தண்டம் அது. இப்னு ஜுபைரும் மக்ரிப் நாட்டவரே.

இனி அக்கா. காபிலா நேராகத் திவானுக்கு அழைத்துச் செல்லப்பட்டது. அது ஒரு பெரிய கான், அதாவது நடுவே முற்றமும் சுற்றிலும் அறைகளும் உள்ள சத்திரம். வாசலில் கம்பளம் விரித்த திண்ணைகளில் கிறிஸ்தவக் குமாஸ்தாக்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னே பொன் வேலை செய்த கருங்காலி மைக்கூடுகள். அவர்கள் அரபியில் பேசினார்கள், அரபியிலேயே கணக்கு எழுதினார்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்தவரை ஸாஹிப் என்று அழைத்தார்கள். அவர்தாம் அந்தத் திவானை நடத்தும் உரிமை பெற்றவர்.

அந்த உரிமை கிடைத்த வகையை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். இதை அரபியில் ளமான் என்பார்கள்; பெற்றவர் ளாமின். நாம் வழக்கில் சொல்லும் ஜாமீன் என்ற சொல் அதன் வழி வந்ததே. ஒரு பெருந்தொகையை அரசனுக்குத் தருவதாக அவர் பொறுப்பேற்கிறார். அதன்பின் துறையில் வசூலாவது அவருடையது. அக்காவில் அந்தத் தொகை மிகப் பெரியது என்று இப்னு ஜுபைர் சொல்கிறார். இத்தகைய குத்தகையில் வசூல் குறைந்தால் நஷ்டம் எடுத்தவன் தலையில்தான் விடியும். நம் நாடுகளும் இதை அறியும். 1820ல் சிங்கப்பூரில் அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றுக்கு இப்படித்தான் குத்தகை விட்டார்கள். குத்தகைக்காரன் கையில் வரியைக் கொடுத்தால் குடிகளைக் கசக்கிப் பிழிந்துவிடுவான் என்பது பொதுவான அனுபவம்.

அக்காவில் அன்று நடந்ததோ வேறு. வியாபாரிகள் தங்கள் சரக்கை அந்தக் கானிலேயே இறக்கி வைத்தார்கள். மேல் மாடியில் தாங்கள் தங்கினார்கள். கீழே சரக்கு, மேலே சொந்தக்காரன்! சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் ஒரு காலத்தில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளிலும் தொழிலும் உறக்கமும் ஒரே கூரையின் கீழ்தான் நடந்தன. சரக்கில்லை என்று சொன்னவர்களின் மூட்டைகளும் சோதிக்கப்பட்டன, உள்ளே ஏதும் மறைந்திருக்குமோ என்று. பிறகு விருப்பமான இடத்தில் தங்கிக்கொள்ள விட்டுவிட்டார்கள். இவ்வளவும் மரியாதையோடும் நயத்தோடும், கடுஞ்சொல் இல்லாமல், ஒருவர்மீதும் அதிகச் சுமை ஏற்றாமல் நடந்ததாக இப்னு ஜுபைர் பதிவு செய்கிறார்.

அவருக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அங்கே பள்ளிவாசல்கள் கோயில்களாக்கப்பட்டிருந்தன. ஜும்ஆ பள்ளியில் ஒரு சிறு மூலை மட்டும் முஸ்லிம்கள் தொழ விடப்பட்டிருந்தது. தெருக்கள் நாறின. விலங்கு பூட்டிய முஸ்லிம் கைதிகளைக் கண்டு அவர் உள்ளம் நொந்தது. அந்நகரைச் சபித்தே எழுதினார். ஆயினும் அந்நகரின் ஆயத்துறை ஒழுங்காக நடந்தது என்பதையும் எழுதினார். தாம் நேசித்த ஸுல்தானின் துறையில் அநியாயம் நடந்ததையும், தாம் வெறுத்த எதிரியின் துறையில் நயமாக நடந்ததையும் ஒரே பேனா எழுதியிருக்கிறது. சாட்சி சொல்லும்போது நமக்கே பாதகமானாலும் நீதியில் நிற்க வேண்டும் என்ற திருமறையின் கட்டளை அவருக்கு மனப்பாடமாக மட்டும் இருக்கவில்லை.

ஏன் இப்படி? நமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம். அக்காவின் ளாமினுக்கு அடுத்த ஆண்டும் அந்தக் காபிலா வரவேண்டும். கடுமை காட்டினால் வியாபாரி வேறு துறைக்குப் போய்விடுவான். அரசனுக்கு ஒப்புக்கொண்ட தொகை மட்டும் தலையில் நிற்கும். கணக்கு வியாபாரிக்குத் தெரிந்த மொழியில் எழுதப்பட்டதால் சந்தேகத்துக்கும் சண்டைக்கும் இடம் குறைவு. இஸ்கந்தரிய்யாவின் சிப்பந்திக்கோ ஹாஜி திரும்பி வந்தாலென்ன, வராவிட்டாலென்ன? குறைத்து வசூலித்தான் என்று மேலிடத்தில் பேர் வாங்காமல் இருந்தால் அவனுக்குப் போதும். மேலும் அவனைக் கேட்பார் இல்லை. கேட்கக்கூடிய ஸுல்தான் போர்க்களங்களில் இருந்தார்.

இந்நாளில் நம் சகோதரர்கள் சிலர் தீர்வைச் சரக்குக்குக் கிட்டங்கி நடத்த லைசென்ஸ் கேட்க விரும்புகிறார்கள். மலேசியாவில் 1967ம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 65வது பிரிவின்படி இந்த அனுமதி வழங்கப்படுகிறது. பிறர் சரக்கையும் ஏற்கும் பொதுக் கிட்டங்கி ஒரு வகை. சொந்தச் சரக்குக்கு மட்டுமான தனிக் கிட்டங்கி மற்றொரு வகை. சரக்கு உள்ளே இருக்கும் வரை தீர்வை இல்லை. உள்நாட்டு விற்பனைக்கு எடுக்கும்போது கட்ட வேண்டும். மறு ஏற்றுமதி செய்தால் கட்ட வேண்டியதில்லை. பினாங்குத் தீவு 1969 வரை சுங்கமில்லாத் துறைமுகமாக இருந்தபடியால் அங்குள்ள பழைய வியாபாரக் குடும்பங்களுக்கு இதெல்லாம் பின்னால் வந்த பாடம். சிங்கப்பூரிலும் இத்தகைய லைசென்ஸ் உண்டு. ஆனால் அங்கே தீர்வையுள்ள சரக்கு மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியம் என்ற நான்கு வகைதான். முதலாவது நமக்கு ஆகவே ஆகாது!

லைசென்ஸ் பெறுகிறவர் பழைய ளாமினைப் போல வரியைக் குத்தகை எடுப்பதில்லை. தீர்வை முழுவதும் சர்க்காருக்கே. ஆனால் ஜாமீன் என்ற பாரம் மட்டும் மாறவில்லை. சர்க்காரிடம் உத்தரவாதம் கட்ட வேண்டும். பூட்டும் கதவும் சரியாக இருக்க வேண்டும். வந்தது, போனது, மீதி என்ற கணக்கு அதிகாரி எந்நேரம் வந்து கேட்டாலும் சரக்கோடு ஒத்து நிற்க வேண்டும். ஒரு பெட்டி குறைந்தால் அதன் தீர்வை உரிமம் பெற்றவர் தலையில் விழும். கட்டிடமும் முதலும் இருந்தால் போதும் என்று எண்ணுகிறவர்கள், பிறருடைய அமானிதத்தைச் சுமக்கும் தொழில் இது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டு மனுவில் கையெழுத்திட வேண்டும்.

இப்னு ஜுபைரிடம் திரும்புவோம். அக்காவிலிருந்து 1184 அக்டோபரில் ஜெனோவாக் கப்பலில் புறப்பட்டார்கள். ஜெரூஸலம் சென்று திரும்பும் கிறிஸ்தவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். இரண்டு மாதம் புயலோடு போராடி, டிசம்பரில் ஸிஸிலித் தீவின் மெஸ்ஸினா நகருக்கு எதிரே கப்பல் உடைந்தது. கரை சேர்க்கும் படகுக்காரர்கள் அதிகக் கூலி கேட்டார்கள். கையில் காசில்லாத ஏழை முஸ்லிம்கள் கப்பலிலேயே தவித்தார்கள். அப்போது அவ்வூரில் இருந்த அரசன் இரண்டாம் வில்லியம் இதைக் கேள்விப்பட்டு, தன் கைப்பணமாக நூறு சிறு பொற்காசு கொடுத்து அவர்களைக் கரை சேர்த்தான். இதையும் நம் யாத்ரிகர் மறக்காமல் எழுதினார். 1185 ஏப்ரலில் கிரனாடா வந்து சேர்ந்தபோது, புறப்பட்டு இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகியிருந்தன.

1187ல் ஸலாஹுத்தீன் அவர்கள் பைத்துல் முகத்தஸை மீட்ட செய்தி கேட்டு, 1189ல் மீண்டும் கிழக்கே புறப்பட்டு 1191ல் திரும்பினார்கள். பிறகு ஹதீஸ் போதிப்பதில் காலம் கழிந்தது. அருமை மனைவியார் காலமான பின் மூன்றாம் முறையாகப் பயணப்பட்டார்கள். அதன்பின் ஸ்பெயினைக் காணவில்லை. அக்காவில் சிலுவைக்காரர் நடத்திய அந்த அரச ஆயத்துறை இருந்ததாகக் கருதப்படும் இடத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜஸ்ஸார் பாஷா கட்டிய தூண்கள் நிறைந்த கான் ஒன்று நிற்கிறது. இப்னு ஜுபைரின் நூலை ஹாலந்து தேசத்து லைடன் நகரில் இருந்த கையெழுத்துப் பிரதியைக் கொண்டு 1852ல் வில்லியம் ரைட் என்ற ஆங்கிலேய அறிஞர் அச்சேற்றினார்.

அப்பெரியார் தம் கடைசி நாட்களில் தங்கிப் பாடம் நடத்தியது, முதல் நாள் இடுப்பு வாரைச் சோதித்து அனுப்பிய அதே இஸ்கந்தரிய்யாவில்தான். ஹிஜ்ரி 614 ஷஃபான் மாதம், கி.பி. 1217 நவம்பரில், அங்கேயே வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.